பையைத் திறக்காதீர்கள்: மலிவு மோட்டல் அறை ஏமாற்றும்போது என்ன செய்வது

படத்தில் பார்த்தபோது அறை வெளிச்சமாக, விசாலமாக இருந்தது. கதவைத் திறந்தால் வேறு ஏதோ ஒன்று. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடிகிறது. திரைச்சீலை இரண்டு கொக்கி கழன்று தொங்குகிறது. மூக்கில் ஏறுவது பழைய சிகரெட்டா, ஈரக் கம்பளமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. படம் பொய் என்று சொல்ல மாட்டேன். புதுப்பித்த சமயத்தில், இருப்பதிலேயே நல்ல அறையில், அகல லென்ஸ் போட்டு எடுத்திருப்பார்கள். உங்களுக்குக் கிடைத்தது அந்த அறை இல்லை, அவ்வளவுதான்.

நான் சில வருடங்கள் ஒரு நெடுஞ்சாலை மோட்டலில் இரவு ரிசப்ஷனில் உட்கார்ந்தவள். இப்போது தொழிற்சாலைகளில் எடை இயந்திரங்களைச் சரிபார்க்கும் வேலை. கம்பெனி கொடுக்கும் படிக்கு அதே மாதிரி அறைகள்தான் கட்டுப்படியாகும். கவுன்ட்டரின் இரண்டு பக்கமும் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: வேறு அறையோ பணமோ கிடைத்தவர்கள், அதிகமாகக் கத்தியவர்கள் இல்லை. சாவி வாங்கிய கால் மணி நேரத்துக்குள், பை மூடியபடியே திரும்பி வந்தவர்கள். இதில் கருணைக்கு வேலை இல்லை. விரிப்பு கசங்காமல், துண்டு நனையாமல் இருந்தால் அந்த அறையைக் கணினியில் மறுபடி ‘காலி, சுத்தம்’ என்று மாற்றிவிடலாம். நீங்கள் குளித்து, படுத்துப் பார்த்து, இரண்டு மணி நேரம் யோசித்துவிட்டு வந்தால் அது ‘பயன்படுத்திய அறை’. இரவில் அதைச் சுத்தம் செய்ய ஆள் கிடையாது. உங்களுக்கு இன்னொரு அறை கொடுத்தால் மோட்டலுக்கு அன்றைக்கு ஒரே ஆளால் இரண்டு அறை போகும். ரிசப்ஷனில் இருப்பவர் தயங்குவது அங்கேதான்.

அதனால் அந்தக் கால் மணி நேரத்தை எப்படிச் செலவு செய்வது என்பதுதான் இந்தக் குறிப்பின் பெரும்பகுதி.

சாவி கைக்கு வருவதற்கு முன்

மோட்டல் காரில் வருபவர்களுக்காகவே உண்டான கட்டடம். 1925-ல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில், அந்தப் பெயரோடு முதலாவது திறந்தபோதே, தங்கும் இடத்தை ஒட்டிக் காருக்கும் இடம் இருந்தது. வசதி அன்றைக்கும் இன்றைக்கும் அதுதான், தொல்லையும் அதேதான். அறைக்கதவைத் திறந்தால் நேராக வெளியேதான். கீழ்த்தள ஜன்னலுக்கு நேரே யாரோ ஒருவர் ஹெட்லைட்டை எரியவிட்டபடி பொருளிறக்குவார். விடிகாலையில் ஒருவர் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்குவார்.

எந்த அறை என்பதைப் பெரும்பாலும் கணினி முன்கூட்டியே ஒதுக்கியிருக்கும். கேட்காவிட்டால் அதுதான் கிடைக்கும். கேட்டால் மாற்றுவது அரை நிமிட வேலை. ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள்: “மேல் மாடியில், படிக்கட்டுக்கும் ஐஸ் மெஷினுக்கும் தள்ளி, பக்கத்து அறைக்கு உள்கதவு இல்லாத அறை இருந்தால் கொடுங்கள்.” மூன்றில் குறைந்தது இரண்டு கிடைக்கும். சலவை இயந்திரங்கள் இருக்கும் அறைக்குப் பக்கத்திலும் வேண்டாம். இரவு முழுக்க அதிரும்.

தனியாகப் பயணம் செய்பவர்களுக்கு ஒன்று. சுற்றிலும் ஆட்கள் நிற்கும்போது அறை எண்ணை உரக்கச் சொன்னால், தயங்காமல் வேறு அறை கேளுங்கள். எண்ணைச் சாவி உறையில் எழுதி நீட்டுவதுதான் முறை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்த பாடங்களில் இதுவும் ஒன்று. கேட்பவரை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

கட்டிலில் உட்காராமல் ஒரு சுற்று

உள்ளே போனதும் பையைக் குளியலறைக்குக் கொண்டுபோங்கள். டப் இருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் ஓட்டுத் தரையில். கட்டில் மேல் வேண்டாம், கம்பளத்தில் வேண்டாம். பை வைக்கவென்றே மடக்கு ஸ்டாண்டு கொடுத்திருப்பார்கள். அதன் பட்டை மடிப்புகளைப் பார்க்கும் வரை அதிலும் வேண்டாம். வழவழப்பான பரப்பில் மூட்டைப்பூச்சிக்கு ஏறுவதும் கஷ்டம், ஒளிந்துகொள்ளவும் இடம் இல்லை. அதற்காகத்தான்.

முதலில் கதவு. உள்ளிருந்து பூட்டிப் பாருங்கள், தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள், போட்டபடியே ஒரு தடவை பலமாக இழுத்துப் பாருங்கள். தாழ் போய் நுழையும் நிலையின் மரத்தைக் கவனியுங்கள். பிளந்து, மக்கு பூசி, மேலே பெயின்ட் அடித்திருந்தால் அந்தக் கதவை யாரோ ஒருமுறை உதைத்துத் திறந்திருக்கிறார்கள். வெளியே பார்க்கும் கண்ணாடித் துளை பிடுங்கப்பட்டு ஓட்டையாக இருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தைச் சுருட்டி அடைக்கலாம். அது அறை மாற்றக் காரணம் இல்லை. பக்கத்து அறைக்குப் போகும் உள்கதவு உங்கள் பக்கம் பூட்டவில்லை என்றால் அது காரணம். ஜன்னல் கொண்டியையும் பாருங்கள். கீழ்த்தளத்தில் கட்டாயம் பாருங்கள்.

கூரையில் புகை உணரியை நிமிர்ந்து பாருங்கள். முந்தைய ஆள் சிகரெட் பிடிக்க அதன் மேல் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டுப் போயிருப்பது நான் அடிக்கடி பார்த்த காட்சி. சோதனைப் பொத்தான் எட்டினால் அழுத்திப் பாருங்கள். கதவைத் திறந்து, வெளியேறும் படிக்கட்டு எந்தப் பக்கம், நடுவில் எத்தனை கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது. கை தடவிக்கொண்டே போக அந்த எண்ணிக்கை உதவும்.

இப்போது கட்டில். இங்கே அவசரப்படக் கூடாது.

போனில் டார்ச்சைப் போட்டு, தலைமாட்டு மூலையில் விரிப்பையும் அதற்குக் கீழே உள்ள உறையையும் தூக்குங்கள். மெத்தை ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த மடிப்பு இருக்குமே, அதை விரலால் விரித்துப் பாருங்கள். வளர்ந்த மூட்டைப்பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர், ஆப்பிள் விதை அளவு, தட்டையாகப் பழுப்பு நிறத்தில் இருக்கும். ஆனால் முதலில் கண்ணில் படுவது பூச்சியாக இருக்காது, அதன் எச்சம். பேனா முனையால் குத்தின மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக இருக்கும். ஈரத் துணியால் தேய்த்தால் செம்பழுப்பாகக் கரையும். அதோடு உரித்த தோல்கள், வெளிர் மஞ்சளாக, ஊதினால் பறக்கும். முட்டை ஒரு மில்லிமீட்டர்தான், வெள்ளை. சாதாரண வெளிச்சத்தில் பிடிபடாது.

நாலு மூலையையும் பார்த்த பிறகு தலைப்பலகை. சுவரில் மாட்டிய பலகைக்குப் பின்னால்தான் அவை கூட்டமாக இருக்கும்; ஆட்ட முடிந்தால் கொஞ்சம் முன்னால் இழுத்து டார்ச் அடியுங்கள். அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையின் டிராயர் மூலை, மெத்தை வைத்த நாற்காலியின் மடிப்பு. கட்டிலைச் சுற்றிச் சில அடிகளுக்குள்தான் பெரும்பாலும் இருக்கும் என்பதால் முழு அறையையும் புரட்ட வேண்டியதில்லை. மொத்தமே நாலைந்து நிமிடம்.

மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாகத் தெரியவில்லை. அதனால் பீதி வேண்டாம். ஆனால் சகித்துக்கொள்ளவும் வேண்டாம். பிரச்சினை அந்த ஒரு இரவு இல்லை, உங்களோடு வீட்டுக்கு வருவது. உணவில்லாமல் மாதக்கணக்கில் தாங்கும். கடித்த தடிப்பு சிலருக்கு 14 நாள் வரை கழித்துத்தான் தெரியும். அதனால் ‘காலையில் உடம்பில் ஒன்றும் இல்லை’ என்பது ஒரு சான்றே இல்லை. சந்தேகம் இருந்தால் வீடு திரும்பியதும் துணிகளை நேராக டிரையரில் அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓடவிடுங்கள். சூட்டில் போட முடியாத பொருளை ஃப்ரீஸரில், மைனஸ் 18 டிகிரியில், நான்கு நாள் வைக்கலாம். கடையில் விற்கும் ஸ்பிரேயைப் பைக்குள் அடித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்; அதில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கு மூட்டைப்பூச்சிகள் பல இடங்களில் பழகிவிட்டன.

கட்டில் தேறிவிட்டால் குளியலறை. சாக்கடை நாற்றம் அடித்தால் உடனே கோபப்படாதீர்கள். பல நாள் யாரும் தங்காத அறையில் தரை வடிகாலுக்குக் கீழே வளைந்த குழாயில் தேங்கியிருக்க வேண்டிய தண்ணீர் வற்றிவிடும். அந்தத் தண்ணீர்தான் கீழிருந்து வரும் வாயுவைத் தடுக்கும் மூடி. ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். நாற்றம் போய்விட்டால் விஷயம் முடிந்தது. போகவில்லை, அல்லது ஃப்ளஷ் செய்தால் ஷவர் தரையில் தண்ணீர் மேலே வருகிறது என்றால் அது அடைப்பு. இரவில் யாரும் சரிசெய்யப் போவதில்லை.

ஷவரைத் திறந்துவிட்டு வெளியே வந்து இரண்டு நிமிடம் நில்லுங்கள். முதலில் வரும் துருத் தண்ணீர் போகட்டும். வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். அது குடிப்பதால் வருவதைவிட நுண்ணிய சாரலை மூச்சில் இழுப்பதால்தான் தொற்றும். 1976-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களுக்கு வந்த நுரையீரல் காய்ச்சலிலிருந்துதான் அதைக் கண்டுபிடித்தார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் தள்ளி நிற்கத்தான்.

தண்ணீர் சூடேற்றும் கருவி கேஸில் ஓடுவதாக இருந்து, அது குளியலறைக்குள்ளேயே, காற்றுப் போக வழியில்லாமல் மாட்டியிருந்தால் அந்த அறை வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று ஆரம்பிக்கும். அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் குறைந்தால் ‘பயண அசதி’ என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகக் காற்று. நுழைந்த முதல் நிமிடத்து மூக்கை நம்புங்கள். அஞ்சாவது நிமிடத்தில் பழகிப்போகும். வாசனை ஸ்பிரே தூக்கலாக அடித்தால் அடியில் வேறு ஒன்று இருக்கிறது. ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், அது ஜன்னல் ஏசியாக இருந்தால் அதற்குக் கீழே கம்பளத்தில் கை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் பூசண வாடை அங்கிருந்துதான். ரகசியக் கேமரா பற்றிக் கவலைப்படுபவர்கள் விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலையும் குளியலறையையும் பார்த்து நிற்கும் கடிகாரம், அடாப்டர் போன்ற பொருட்கள் மேல் டார்ச் அடித்து, லென்ஸ் மினுக்குகிறதா என்று பார்க்கலாம். ஒரு நிமிடம் போதும்.

கிளம்புவதா, மாற்றுவதா, பொறுத்துக்கொள்வதா

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். கவுன்ட்டருக்கு வந்து கம்பளத்துக் கறை, சின்னத் துண்டு, படம் தெரியாத டிவி, பூட்டாத கதவு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவார்கள். கேட்பவர் காதில் கடைசியாகச் சொன்னது மட்டும் விழும், அல்லது எதுவுமே விழாது.

கதவு பூட்டாதது, மூட்டைப்பூச்சி, கேஸ் வாடை, சாக்கடைத் தண்ணீர் மேலே வருவது, ஸ்விட்சில் பொறி பறப்பது அல்லது கருகிய பிளக் பாயின்ட்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த அறையில் படுக்க வேண்டாம். வேறு அறை கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

சிகரெட் நாற்றம், ஓடாத ஏசி, வராத வெந்நீர், மாற்றாத விரிப்பு, பக்கத்து அறைக் கொண்டாட்டம்: இவை அறை மாற்றக் காரணங்கள். கிடைக்கும்.

மிச்சமெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியவை. சுவர்க் காகிதம் உரிவது, மேஜையில் சிகரெட் சுட்ட வடு, சன்னமான துண்டு, அழகின்மை. மலிவான இடத்தில் குறைந்த விலைக்கு ஈடாக விட்டுக்கொடுப்பது இவற்றைத்தான். எனக்கு வந்த புகார்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்று தோன்றும், கோபமும் இதற்குத்தான் அதிகம். பூட்டாத கதவு உள்ள அறை கிடைத்தவர்கள் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போவார்கள்! நாற்காலி முட்டு, கதவு உள்பக்கம் திறந்தால் கொஞ்சம் தாமதப்படுத்தும். வெளிப்பக்கம் திறந்தால் ஒரு பயனும் இல்லை.

கவுன்ட்டரில் எப்படிக் கேட்பது

போன் பண்ணாதீர்கள், நேரில் போங்கள். அதற்கு முன் குறையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நெருக்கமாக, ஒன்று அறை எண் அல்லது அறையின் அடையாளம் தெரியும்படி. பையையும் எடுத்துக்கொண்டு போங்கள். கையில் பையோடு நிற்பவர் தங்கப் போவதில்லை என்பது சொல்லாமலே புரியும்.

இரவு ரிசப்ஷனில் இருப்பவருக்கு என்ன அதிகாரம் என்று தெரிந்துகொண்டு கேட்டால் பாதி வேலை முடிந்தது. அறை மாற்ற முடியும். விரிப்பு, துண்டு, மின்விசிறி, ஹீட்டர் எடுத்துத் தர முடியும். மறுநாள் செக்-அவுட் நேரத்தைத் தள்ளிப்போட முடியும். பெரும்பாலும் கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கவும் முடியும், ஆனால் அதற்கு மறுநாள் மேனேஜரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முழுப் பணத்தைத் திருப்பித் தருவது பல இடங்களில் அவர் கையில் இல்லை. அதனால் “பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்று ஆரம்பித்தால் அவர் சொல்லக்கூடிய ஒரே பதில் “முடியாது” என்பதுதான். ஒருமுறை அந்தச் சொல் வெளியே வந்துவிட்டால் அதற்கப்புறம் அதைக் காப்பாற்றுவதுதான் அவர் வேலையாகிவிடும்.

இப்படிக் கேளுங்கள்: “114-ல் உள்தாழ் பிடிக்கவில்லை. படம் எடுத்திருக்கிறேன். கட்டிலைத் தொடவில்லை, குளியலறையைப் பயன்படுத்தவில்லை. வேறு அறை கொடுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.” என்ன குறை, அறை எந்த நிலையில் இருக்கிறது, என்ன வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. அறையைத் தொடவில்லை என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். அவருக்கு உதவும் தகவல் அதுதான்.

மூட்டைப்பூச்சிக்காக மாற்றுகிறார்கள் என்றால் பக்கத்து அறை, நேர் மேல், நேர் கீழ் அறை வேண்டாம் என்று சொல்லுங்கள். சுவர் வழியாக, மின்குழாய் வழியாகப் பூச்சிகள் அங்கேதான் முதலில் போகும். கட்டடத்தின் மறுமுனையில் கேளுங்கள். புது அறையிலும் அதே சுற்று, முதலிலிருந்து.

“அறையே இல்லை, எல்லாம் நிறைந்துவிட்டது” என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ‘நிறைந்தது’ என்பதில் மூன்று விதமான காலி அறைகள் அடங்கும். ஆள் கிளம்பியும் சுத்தம் செய்யாத அறை. டிவி ஓடாதது போன்ற சின்னப் பழுதால் விற்காமல் பூட்டி வைத்த அறை. புக் செய்தவர் இன்னும் வராத அறை. “சுத்தம் செய்யாத அறை இருந்தால் விரிப்பைக் கொடுங்கள், நானே மாற்றிக்கொள்கிறேன்” என்றால் சில சமயம் கதவு திறக்கும். “டிவி வேண்டாம், பழுதான அறை இருக்கிறதா” என்பதும் நல்ல கேள்வி. நள்ளிரவு தாண்டினால் மூன்றாவது வகையும் கைக்கு வரும்.

நீங்கள் உறுதி செய்த புக்கிங்கோடு வந்தும் அறையே தரவில்லை என்றால் அது வேறு கதை. வராமல் போகும் ஆட்களைக் கணக்கு வைத்து இருப்பதைவிடக் கூடுதலாக விற்பது இந்தத் தொழிலில் வழக்கம். கணக்கு தப்பினால் பக்கத்தில் வேறு இடத்தில் அறை பிடித்து, முதல் இரவுச் செலவை ஏற்றுக்கொண்டு அனுப்புவதும் வழக்கம்தான். எல்லா இடத்திலும் கட்டாயம் இல்லை. கேட்காதவருக்கு யாரும் தானாகச் செய்யவும் மாட்டார்கள். “எனக்கு எங்கே அறை பிடித்துத் தருகிறீர்கள்?” என்று கேளுங்கள், ‘தருவீர்களா’ என்று கேட்காதீர்கள்.

கிளம்பிப் போவதாக முடிவு செய்தால்

சாவியைக் கவுன்ட்டரில் வீசிவிட்டுப் போவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. கணினியில் நீங்கள் தங்கியவராகவே இருப்பீர்கள், மறுநாள் யாருக்கும் எதுவும் தெரியாது. சாவியைக் கொடுத்து, செக்-அவுட் செய்ததற்கு நேரம் போட்ட ஒரு சீட்டோ மின்னஞ்சலோ வாங்குங்கள். பேசியவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பணம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். மோட்டலில் நேரடியாகக் கட்டியிருந்தால் அவர்களோடு முடியும். புக்கிங் தளத்தில் முன்கூட்டியே கட்டியிருந்தால் மோட்டல் நினைத்தாலும் திருப்பித் தர முடியாது, ஏனென்றால் பணம் அங்கே வந்தே சேர்ந்திருக்காது. இந்த இரண்டாவது நிலைமையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கவுன்ட்டரில் நின்றபடியே தளத்தின் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். அவர்கள் எப்படியும் மோட்டலைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். “ரத்துக் கட்டணம் வேண்டாம்” என்று ரிசப்ஷனில் இருப்பவர் அந்த அழைப்பிலேயே சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. நீங்கள் காருக்குப் போனதும் போட்டால், தளம் மோட்டலைக் கேட்க, மோட்டல் மேனேஜரைக் கேட்க, மேனேஜர் தூங்க, அப்படியே இழுபடும்.

செக்-இன் நேரத்தில் கார்டைத் தேய்த்தபோது முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைத்திருப்பார்கள். அது செலவான பணம் இல்லை, சில நாளில் தானாக விடுபடும். ஆனால் டெபிட் கார்டாக இருந்தால் அதுவரை உங்கள் கணக்கில் அந்தத் தொகையை எடுக்க முடியாது. இரண்டாவது இடத்தில் அறை பிடிக்கக் கையில் காசு இல்லாமல் போவது இப்படித்தான். அதனால் அந்தப் பிடிப்பை உடனே விடுவிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எதுவும் சரிவரவில்லை என்றால் கார்டு கொடுத்த வங்கியில் அந்தக் கட்டணத்தை மறுத்து விண்ணப்பிக்கலாம். விசா, மாஸ்டர்கார்டு கார்டுகளில் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு; சில வங்கிகள் அதைவிடக் குறைவாக வைத்திருக்கும், சீக்கிரம் போடுவது நல்லது. வங்கி பார்ப்பது உங்கள் வருத்தத்தை இல்லை. முதலில் கடைக்காரரிடம் கேட்டீர்களா, அவர் என்ன பதில் சொன்னார், படம், நேரம், ரத்து செய்த சீட்டு. இதெல்லாம் இல்லாமல் அனுப்பும் விண்ணப்பம் பெரும்பாலும் திரும்பி வரும்.

வேறு வழியில்லாமல் அங்கேயே படுத்தால்

மேலே போட்டிருக்கும் கனத்த விரிப்பைச் சுருட்டி நாற்காலிக்கு அனுப்புங்கள். உள் விரிப்பு ஒவ்வொரு ஆளுக்கும் மாறும், மேல்விரிப்பு அப்படி இல்லை. டிவி ரிமோட்டையும் கட்டில் விளக்கு ஸ்விட்சையும் ஒருமுறை துடையுங்கள். 2012-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தினர் ஹோட்டல் அறைகளில் எடுத்த மாதிரிகளில் பாக்டீரியா அதிகம் இருந்த பரப்புகளில் இந்த இரண்டும் உண்டு. சின்ன ஆய்வுதான். ஆனால் அறைகளைச் சுத்தம் செய்பவர்களோடு வேலை செய்தவள் என்பதால் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒரு அறைக்கு அவர்களுக்குக் கொடுக்கும் நேரத்தில் ரிமோட்டைத் துடைக்க யாருக்கு முடியும்?

திரைச்சீலை நடுவில் சேராமல் பார்க்கிங் விளக்கு கண்ணில் அடித்தால், அலமாரியில் கிளிப் வைத்த பேன்ட் ஹேங்கர் இருக்கும். அதன் இரண்டு கிளிப்பையும் திரையின் இரண்டு ஓரத்திலும் மாட்டிச் சேர்த்துவிடுங்கள். கதவுக்குக் கீழே வெளிச்சமும் பேச்சும் வந்தால் ஒரு துண்டை நீளவாக்கில் சுருட்டி வையுங்கள். சொட்டும் குழாய்க்கு ஒரு நூலை வாயில் கட்டித் தொட்டி அடி வரை தொங்கவிட்டால் தண்ணீர் நூல் வழியாக இறங்கும், சத்தம் நிற்கும். சாலைச் சத்தத்துக்கு ஏசியை ‘ஃபேன்’ நிலையில் விடாமல் ஓடவிடுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால் நின்று நின்று ஓடி ஒவ்வொரு தடவையும் எழுப்பும். புகை உணரியின் பச்சை விளக்கு எரிச்சலாக இருந்தாலும் அதை மட்டும் மூடாதீர்கள்.

கதவுக்கு அடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்றை நான் எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். கம்பளத்தில் பிடிக்காது என்பார்கள்; வெறும் தரை என்றால் நன்றாகப் பிடிக்கும். உள்பக்கம் திறக்கும் கதவுக்குத்தான் உதவும். கூடவே ஒரு சின்ன டார்ச், காது அடைப்பான், அகலமான ஒட்டு டேப். டேப் எதற்கென்றால் எல்லாவற்றுக்கும்.

காலையில் கிளம்பும்போது பேரம் பேச இன்னொரு வாய்ப்பு உண்டு. பகலில் இருப்பவர் மேனேஜராக இருக்கலாம், அவருக்கு அதிகாரமும் அதிகம். இரவே புகார் செய்து அது பதிவாகியிருந்தால் பேச்சு எளிது. “நேற்று 11 மணிக்கு வெந்நீர் வரவில்லை என்று சொன்னேன், பெயர் குறித்து வைத்திருக்கிறேன்” என்றால் கட்டணத்தில் ஒரு பகுதி குறையும். இரவு ஒன்றும் சொல்லாமல் காலையில் ஆரம்பித்தால் கேட்கத்தான் செய்வார்கள், எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

விமர்சனம் எழுதினால் அறை எண்ணையும் மாதத்தையும் போடுங்கள். ‘படுமோசம், போகாதீர்கள்’ என்று எழுதினால் படிப்பவருக்கும் பயன் இல்லை, மோட்டல்காரருக்கும் இல்லை. மலிவு மோட்டலில் ஒரே கட்டடத்தில் நல்ல அறையும் மட்டமான அறையும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கும். ‘114-ல் உள்தாழ் பிடிக்கவில்லை, கேட்டதும் 220-க்கு மாற்றினார்கள், அது பரவாயில்லை’ என்று எழுதினால் அடுத்து வருபவர் கவுன்ட்டரில் 220-ஐக் கேட்டு வாங்கிக்கொள்வார். பழுது பார்க்க வருபவருக்கும் எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்று தெரியும்.